பாதிக் கூடாரம்

அன்புள்ள மச்சான்,

இத்தனை வருடம் கழித்து நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.
1. பட்டாளத்தில் தந்ததில் நல்லது.
2. மோசமானது.
3. வீட்டுச் செய்தி.

நல்லது, கம்பளி. உடம்பெல்லாம் குத்தும், ஆனால் நனைந்தாலும் சூடு போகாது.

மோசமானது, ஆளுக்குப் பாதியாகத் தந்த கூடாரத் துணி. இன்னொருவன் பாதியோடு பொத்தான் போட்டு இணைக்காவிட்டால் அது எதற்கும் உதவாது. “வாத்தியாரே, உன் பாதிய எடுத்துட்டு வாய்யா, மழை என்ன உனக்காகக் காத்திருக்குமா?” என்று கத்துவாய். உள்ளே வந்தால் குறட்டை வேறு.

மனைவி இறந்து ஆறு மாதமாகிறது. கம்பளி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. மாடியறை காலி. இத்தனை வருடம் நம்மைப் பேசவிடாமல் வைத்த அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை.

இரண்டாவதைத் தவறாக எழுதிவிட்டேன். மோசமானது அதுவல்ல. என் பாதி பெட்டியில் கிழியாமல் இருக்கிறது. உன்னுடையது?

வாத்தியார்