போயா அன்று வந்தவள்

வியாழன் இரவு.

செல்வி இன்று வரவில்லை.

போன வாரம் கன்னம் வீங்கி என் கவுன்சலிங் ரூமுக்கு வந்தபோதும் புருஷனை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். "சும்மா பேசிட்டுப் போகத்தான் வந்தேன் மிஸ்." அவள் போன் அவன் கையில், கூப்பிட முடியாது. பிள்ளைக்கு ஊசி என்று சொல்லிப் புதன்கிழமை கிளினிக்குக்கு வந்தால் சந்தேகம் வராது. அதனால் அடுத்த புதன் வரச் சொன்னேன். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, கிளினிக் பூட்டியிருக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

காலையில் வாட்சர் அண்ணனிடம் விசாரித்தேன்.

"ஆமா மிஸ், நேத்து ஒரு அம்மா கைப்புள்ளையோட வந்தாங்க. ஒங்க ரூம் கதவத் தட்டிப் பாத்துட்டு ரொம்ப நேரம் வாங்குல உக்காந்திருந்தாங்க. பொறகு நோர்வூட் பஸ்ல ஏறிப் போயிட்டாங்க."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. பெரிய உடுப்புப் பை ஒண்ணு வச்சிருந்தாங்க."

இன்று முழுக்கக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். குழந்தை அழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். வந்துவிடு, செல்வி. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு.

நேற்று அவன் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்புவதற்குள் உடுப்பையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்திருப்பாளா?