அறுபத்திரண்டு வரை சிவப்பு

அம்மா, என் வாயாடி அம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலைத் திவசம். ஐசலினில், என் வீட்டு ஹாலில்தான் நடந்தது. கண்ணன் முந்தின நாளே சான் ஹோசேயிலிருந்து வந்துவிட்டான். ஐயர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தான். ஃபோனைக்கூட அணைத்து வைத்திருந்தான். உன் விஷயத்தில் அவன் ஃபோனை அணைப்பது புதிதல்ல, அது உனக்கே தெரியும்.

சாப்பாட்டின்போது பக்கத்து வீட்டு வசந்தா ஆன்ட்டியிடம் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "அம்மா ஜெயிச்சுட்டுத்தான் ஆன்ட்டி போனாங்க. கையில ஃபோன், ஸ்கிரீன்ல ஃபுல் ஹவுஸ். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?"

"கொடுத்து வெச்சவ" என்றாள் ஆன்ட்டி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

நான் ரசம் ஊற்றினேன். நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்து "ஊமைக் கோட்டான், வாயைத் திற" என்று சொல்லியிருப்பாய். திறந்தேன் அம்மா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா போனபிறகு உன்னைப் பொன்மலையிலிருந்து இங்கே அழைத்து வந்தேன். நான் காலையில் கல்லூரிக்குப் புள்ளியியல் நடத்தப் போய்விடுவேன். என் மகள் படிக்க டெக்சாஸ் போய்விட்டாள். பகலெல்லாம் பேச உனக்கு ஆள் இல்லை. கண்ணனைக் கூப்பிடுவாய். அவன் என்னைக் கூப்பிடுவான். "அக்கா, மீட்டிங் நடுவுல ஃபோன் பண்ணி, அங்க முருங்கைக்காய் என்ன விலைன்னு கேக்குறாங்க. ஏதாவது பண்ணேன்." பிறகு அவனே பண்ணினான். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தபோது உன் ஃபோனில் அந்த பிங்கோ ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். "நம்ம தம்போலாதாம்மா இது. உனக்காகவே தேடிப் பிடிச்சேன்." பிள்ளையின் பாசம் என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். நான் மறுத்துச் சொல்லவில்லை.

உனக்குத் தம்போலா விளையாட்டு அல்ல, உத்தியோகம். பொன்மலை ரயில்வே காலனியில், மகளிர் கிளப்பில், தொண்ணூறு எண்களையும் பையிலிருந்து எடுத்துக் கூவுவது நீதான். எண்ணை மட்டும் சொல்ல மாட்டாய். அந்த எண்ணுள்ள குவார்ட்டர்ஸில் யார் குடியிருக்கிறார்களோ, அவர்கள் மானத்தையும் சேர்த்து வாங்குவாய். "அறுபத்திரண்டு, கடன் வாங்கின சர்க்கரை!" அந்த வீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

உன் விதியும் கறார். டிக்கெட்டில் இருக்கும் பதினைந்து எண்ணும் அடிபட்டவுடன் வாயைத் திறந்து "ஹவுஸ்" என்று கத்த வேண்டும். அடுத்த எண்ணை நீ கூவிவிட்டால் பரிசு கிடையாது. ஒருமுறை ரயில் கார்டு ஒருவரின் மனைவி, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு எண் தாமதமாகக் கத்தினாள். "செல்லாது" என்றாய். அவள் அழுதாள். "அழுதாலும் செல்லாது."

இங்கே ஃபோனுக்குள் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லும். நீ சோபாவிலிருந்து தமிழில் பேர் வைப்பாய். நான் முப்பத்தொன்றாம் தேதி பிறந்தவள். "முப்பத்தொண்ணு, ஊமைக் கோட்டான்!" கண்ணன் பத்தொன்பது. "பத்தொன்பது, கூப்பிட்டா எடுக்காத மகராசன்!" அவன் வந்திருந்தபோதுகூடச் சொன்னாய். அவன் சிரித்தான். சிரிப்பதற்காகச் சொன்னாயா அம்மா?

ஒருநாள் என்னைக் கேட்டாய். "எப்பப் பாரு ஒரே ஒரு நம்பர்ல போகுது. இந்த ஆப்காரன் ஏமாத்துறான். நீ படிச்சவதானே, பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் பார்த்தேன். பல வாரங்கள் எண்களைக் குறித்தேன். சில எண்கள் அடிக்கடி வருகின்றனவா, உன் டிக்கெட்டில் பாக்கி நிற்கும் எண் வேண்டுமென்றே பின்தள்ளப்படுகிறதா, நீ அதிக டிக்கெட் வாங்கும் ஆட்டத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு எண்ணில் போவதற்கும் சூழ்ச்சி தேவையில்லை. அறை நிறைய ஆட்கள் ஆடினால், ஒருவர் ஜெயிக்கும் நேரத்தில் தோற்பவர்களில் பலருக்கு ஒன்றோ இரண்டோதான் பாக்கி இருக்கும். ஆப் அதைப் பளிச்சென்று மின்னவைக்கிறது, அவ்வளவுதான்.

"எல்லாம் சுத்தமா இருக்கும்மா. யாரும் உன்னை ஏமாத்தலை" என்றேன்.

உன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான்தான் ராசி இல்லாதவளா?"

நல்ல செய்தி சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பின் தரத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தயாரிப்பு. எழுத்து பெரிது, குரல் தெளிவு, ஒருநாளும் நின்றதில்லை. ஒரு ஆட்டம் முடிந்து நீ கண்ணாடியைத் துடைப்பதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். வெளியே போகும் குறி மட்டும் மூலையில் மிளகு அளவுக்கு இருந்தது. நீ உள்ளே இருப்பதற்காக அவர்கள் எடுத்த சிரத்தையில் பாதியை நாங்கள் இருவரும் எடுத்ததில்லை.

எண்ணைத் தானாக அடித்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. உனக்கு அது பிடிக்காது. "கையால அடிக்காதது ஒரு ஆட்டமா?" என்பாய். ஆனால் கை நழுவி எண் தவறிப்போனால் கண்ணனைக் கூப்பிட்டுப் புலம்புவாய். அவன் இங்கே வந்திருந்த இன்னொரு முறை, உனக்குத் தெரியாமல் அதை மாற்றி வைத்தான். நீ அடித்தால் சிவப்பு. நீ சற்று நேரம் தொடாவிட்டால் ஆப்பே அடித்துக்கொள்ளும், அது நீலம். "இனிமே எனக்கு ஃபோன் வராது, பாரு" என்று என்னிடம் கண்ணடித்தான்.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது நீ சோபாவில் சாய்ந்திருந்தாய். மடியில் ஃபோன், சார்ஜரோடு. திரை அணையவில்லை. பொன்னிறக் காகிதத் துண்டுகள் அதில் கொட்டிக்கொண்டே இருந்தன. ஃபுல் ஹவுஸ். அருமையாக ஆடினீர்கள். பரிசைப் பெற இங்கே தொடவும். மற்ற எதற்கும் ஆள் தேவைப்படவில்லை. அதற்கு மட்டும் ஒரு விரல் வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் உன்னைக் கொண்டுபோனது. பின்னாலேயே கிளம்புமுன் அந்தத் திரையை அப்படியே படமாகச் சேமித்தேன். அழுவதற்கு முன்னால் அதைத்தான் செய்தேன். பிறகு கண்ணனுக்குச் சொன்னேன். "கையில ஃபோன் இருந்தது, ஃபுல் ஹவுஸ்." அதை வைத்து அவன் ஒரு வருடம் ஓட்டிவிட்டான்.

அந்த ஒரு வருடத்தில் நான் இன்னொரு சோதனையும் செய்தேன். டிக்கெட் வாங்கி, ஃபோனைச் சாப்பாட்டு மேஜையில் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, மாடிக்குப் போய்த் தேர்வுத்தாள் திருத்தினேன். இறங்கி வந்தால் ஒன்று விடாமல் நீலத்தில் அடித்து வைத்திருந்தது. உனக்குக் கொடுத்த அதே வாய்ப்பை நாற்காலிக்கும் கொடுக்கிறது. இதைவிட நேர்மை வேண்டுமா?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆன்ட்டி முன்னால் கண்ணன் என்னைச் சாட்சிக்கு இழுத்தான். "அக்கா, நீயே சொல்லு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ப்ரொஃபசர். அந்த ஆப் ஃபேர்தானே?"

"ஃபேர்தான்."

"பார்த்தீங்களா ஆன்ட்டி!"

"அம்மா ஜெயிக்கலை" என்றேன்.

"என்னக்கா உளர்றே? நீதானே ஃபுல் ஹவுஸ்னு சொன்னே?"

"ஃபுல் ஹவுஸ்தான். அடிச்சது யாருன்னு நான் சொல்லலை." அன்று சேமித்த படத்தைத் திறந்து, ஃபோனை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவனுக்கு நிறங்களை விளக்க வேண்டியிருக்கவில்லை. மாற்றி வைத்தவனே அவன்தானே. மேலே அழைத்த எண்கள் வரிசையாக ஓடின, கீழே உன் டிக்கெட். விரலால் தொட்டுக்கொண்டே போனான். "அறுபத்திரண்டு வரைக்கும் சிவப்பு" என்றான் மெதுவாக. விரல் நகர்ந்தது. உன் டிக்கெட்டில் உள்ள எண்களில் அதற்கடுத்து அழைக்கப்பட்டது பத்தொன்பது. நீலம்.

விரல் அங்கேயே நின்றது.

"என்னடா, என்ன அது?" என்று எட்டிப் பார்த்தாள் ஆன்ட்டி.

"ஒண்ணுமில்லை ஆன்ட்டி, பாயசம் போட்டுக்குங்க."

அவன் தலை நிமிராமல் கேட்டான். "இதை எதுக்கு இப்பக் காட்டுறே?"

"நீ கேட்டே."

"ரொம்பக் கொடுமைக்காரி நீ."

"அம்மா பொண்ணு."

அந்த இடத்தில் எந்த எண்ணும் வந்திருக்கலாம், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. வகுப்பில் இதைத்தான் நடத்துகிறேன். நீ அப்போது வெறுமனே கண்ணயர்ந்திருக்கலாம் என்பதும் உண்மை. சிவப்பு நின்ற இடம்தான் எனக்குத் தெரியும், நீ நின்ற இடம் தெரியாது. கண்ணனிடம் இரண்டையும் நான் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்தவன் விமானத்துக்குக் கிளம்பும்வரை ஃபோனை மறுபடி ஆன் பண்ணவே இல்லை.

நேற்று அவன் மனைவி பேசினாள். சான் ஹோசேயில் நண்பர்கள் வீட்டில் மறுபடி அதே கதையைச் சொன்னானாம். நீ ஜெயித்துவிட்டுத்தான் போனாயாம். இந்த முறை கண் கலங்கினானாம்.

நீ கத்தவில்லை அம்மா. பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு விதி, உனக்கு ஒரு விதி இருக்க முடியாது. அவன் எத்தனை வீடுகளில் அழுதாலும், என்னைக் கேட்கிறவர்களிடமெல்லாம் உன் வார்த்தையையே சொல்வேன். செல்லாது. இது என் வாக்கு.

உன் மூத்த மகள்,
முப்பத்தொண்ணு