ஸ்டியரிங் பெட்டியில் கிரீஸ்

விண்ணரசி,

உன் தம்பி கிளாட்சன் வந்து கேட்டால் கார் சாவியைக் கொடுத்துவிடாதே. அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸிலேயே போகட்டும். மஸ்கட்டில் பவர் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவன், நம் பழைய ஆஸ்டினையும் அப்படியே நம்பி ஏறிவிடுவான்.

தப்பு என்னுடையது. "வாசல்ல போட்ட புது மொசைக்ல ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் இனிமே நீங்களே துடைங்க" என்று போன வாரம் கத்தினாயே, அந்தக் கோபத்தில் ஸ்டியரிங் பெட்டியில் கியர் ஆயிலுக்குப் பதிலாக கிரீஸை அடைத்துவிட்டேன். ஒழுகல் நின்றது. ஆனால் கிரீஸ், ஆயில் மாதிரி ஓடாது. ஓரமாக ஒதுங்கி, உள்ளே கியர் பல்லெல்லாம் காய்ந்துபோயிருக்கிறது. இன்று காலை வாய்க்கால் வளைவில் ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால்தான் கார் நின்றது. பக்கத்து சீட்டில் நம் மகள் சான்ட்ரா. மாடு குறுக்கே வந்ததாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீ எதுவும் கேட்காதே.

கெட்டி கியர் ஆயில் வாங்க கும்பகோணம் போகிறேன். கிளாட்சனுக்கு வாங்கிய இறால் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

ஜேசுராஜ்

நாளையிலிருந்து வாசலில் மறுபடியும் சொட்டும். திட்டாதே. சொட்டுகிறவரை உள்ளே ஆயில் இருக்கிறது. சொட்டு நின்ற அன்றைக்குக் கத்து.