தெலுங்குப் பட்டு

நைனா,

இன்று காலை நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பந்து வந்தது. கோணியைப் பிரித்ததும் தோலும் ரப்பரும் கலந்த அந்த வாடை வகுப்பறை வரை வந்துவிட்டது. பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். எனக்குக் குமட்டியது. அந்த வாடையோடு ரத்த வாடையும் சேர்ந்துதான் எனக்கு வரும்.

பட்டணத்துக் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் ஆளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே பாஸ்கட் பாலைக் கற்றுக்கொண்டவர் நீங்கள். ஊர் திரும்பியதும், திருத்தணியில் ஆட்டம் என்றால் விசில் உங்கள் வாயில்தான். இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். ஒரு வரியை நான்கு முறை கேட்பீர்கள். நம் வீட்டில் முதலில் பி.ஏ. படித்தவள் நான், ஆனால் அயலார் வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. அது தெரிந்துதான் புள்ளி எழுதும் மேசையில் என்னை உட்காரவைத்தீர்கள். "நீ பேசவே வேணாம்மா, எழுதினா போதும்" என்றீர்கள்.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தைக் கலைத்த வருஷம், அரிசி மில் முதலாளி தன் அணிக்குப் புதிதாக ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவந்தார். அந்த அணிக்காரர்களுக்கு மில்லில் பேருக்குத்தான் வேலை, சம்பளம் ஆட்டத்துக்கு. வந்தவர் பட்டாளத்தில் தேகப்பயிற்சி கொடுத்தவர், பட்டணத்துக்காரர். தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாது. மாஸ்டர் என்றே எல்லோரும் அழைத்தோம். முழங்கையை விலாவில் எந்த இடத்தில் இறக்கினால் எதிராளிக்கு மூச்சு நிற்கும், அதை விசில்காரர் முதுகு காட்டும் நொடியில் எப்படிச் செய்வது, இவைதான் அவருடைய பாடங்கள். அவர் வந்த இரண்டாம் வாரம், பள்ளிப்பட்டு அணிக்காரர் ஒருவர் தன் இரண்டு பற்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார்.

நீங்கள் ஊதினீர்கள், விடாமல் ஊதினீர்கள். ஊர் இரண்டாயிற்று. மாஸ்டருடையதுதான் ஆண்பிள்ளை ஆட்டம், இந்த மனிதர் அதை நறுக்கி நறுக்கிப் போடுகிறார் என்றார்கள் ஒரு பக்கம். விசில் இல்லையென்றால் கொலை விழும் என்றார்கள் மறுபக்கம். காபி ஓட்டல்காரர் உங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "இன்னாங்க, விசில் ஊதுறீங்களா, நாயனம் ஊதுறீங்களா?"

"ஒத்து ஊதத் தெரியாது. அதான் இத ஊதிகினு கீறேன்" என்றீர்கள்.

அரக்கோணம் ரயில்வே அணியோடு மில் மைதானத்தில் ஆட்டம். முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. ரயில்வே ஒரு புள்ளி முன்னால். சாய்ந்த வெயில் உங்கள் கண்ணுக்கு நேரே அடித்தது. என் மேசைக்கு எதிரே இருந்த கோட்டை நோக்கிப் பந்து ஓடியது. அணிக்கு ஒருவராக இருவர் பாய்ந்தார்கள். அவர்களில் ரயில்வேயின் ரேணிகுண்டாக்காரர் "பட்டு, பட்டு" என்று கத்தினார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. கடைசியாக யார் கையில் பட்டதோ அவருக்குப் பந்து கிடையாது. நீங்கள் ஊதி, பந்தை ரயில்வேக்குக் கொடுத்தீர்கள்.

மாஸ்டர் உள்ளே வந்துவிட்டார். "தன் கையில பட்டுச்சுன்னு அவனே கத்துறான். பந்த அவனுக்கே குடுக்கிறியே, இன்னாய்யா நியாயம்?"

"அது தெலுங்குப் பட்டு மாஸ்டர். புடின்னு கூட்டாளிக்குச் சொன்னான்."

"தமிழ்ப் பட்டோ, தெலுங்குப் பட்டோ, காஞ்சிபுரம் பட்டோ, சீக்கிரம் முடிங்கப்பா" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, மைதானமே சிரித்தது. மாஸ்டரின் முகம் கறுத்துப்போயிற்று. சிரிப்பெல்லாம் தன்மேல் என்று எடுத்துக்கொண்டார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "பக்கத்துல இருந்தியே, யார் கையில பட்டுச்சு, சொல்லும்மா."

நான் பார்த்திருந்தேன். மில் ஆட்டக்காரரின் சுண்டுவிரல் பட்டுப் பந்தின் சுழற்சி மாறியதைக்கூடப் பார்த்திருந்தேன். ஒரு சொல் போதும். அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் காகிதத்தைப் பார்த்தேன். ஏற்கெனவே எழுதியிருந்த எண்ணின்மேலேயே மறுபடி மறுபடி பென்சிலை ஓட்டினேன்.

"பெத்த பொண்ணே வாயத் தொறக்கல, பாரு" என்றார் மாஸ்டர்.

மாஸ்டரின் முதல் அடி முழங்கையால், அவரே சொல்லிக்கொடுத்த அதே இடத்தில். நீங்கள் மடங்கினீர்கள். கழுத்திலிருந்த விசில் கயிற்றைப் பின்னாலிருந்து முறுக்கினார். மில் ஆட்கள் பெஞ்சுக் கால்களைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். தடுக்க ஓடிவந்த ரேணிகுண்டாக்காரரின் புருவத்தைக் கல் ஒன்று பிளந்தது. ரயில்வேக்காரர்கள் கூடைக் கம்பத்தைச் சாய்த்து அதன் பலகையால் அடித்தார்கள். என் மேசை கவிழ, நான் அதன் அடியில் கிடந்தேன். அங்கிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. பூட்ஸ் கால், வெறுங்கால். அவற்றுக்கு நடுவே உங்கள் கை. ஒவ்வொரு உதைக்கும் அது மண்ணை இறுகப் பிடித்தது, விட்டது. பிறகு பிடிக்கவில்லை. அப்போதும் நான் கத்தவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. என் மடியில் ரத்தம் துப்பிவிட்டு, "நீ பாத்தியா?" என்று கேட்டீர்கள்.

"பாத்தேன் நைனா. மில்காரர் விரல்ல பட்டுச்சு."

"ஆங். அப்ப சரியாத்தான் குடுத்துகீறேன். வெயில்ல எனக்கு ஒண்ணும் தெரியல. கை எட்டாதவன்தான் கூட்டாளியப் புடிக்கச் சொல்வான்னு, அவன் சத்தத்த வெச்சித்தான் ஊதினேன்." சிரிக்கப் பார்த்தீர்கள்.

அதற்குப் பின் நான்கு நாள் உயிரோடு இருந்தீர்கள். ஏன் சொல்லவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

போலீஸ் விசாரணையில் மாஸ்டருக்கு எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய விரல், எந்தப் பட்டு, யார் கையில் பெஞ்சுக் கால். குரல் நடுங்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் தலையைத் தூக்கி, "இத அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்றார். குத்திக் கேட்கவில்லை, எழுதவேண்டியிருந்ததால் கேட்டார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். மாஸ்டர் சிறைக்குப் போனார். மில்லில் இப்போது வேறு பயிற்சியாளர்.

நான் இப்போதெல்லாம் பேசிவிடுகிறேன் நைனா. தலைமையாசிரியையிடமும் பேசுகிறேன், ரயிலில் இடம் மறிக்கிறவரிடமும் பேசுகிறேன். வாயாடி என்று பெயர்கூட வந்துவிட்டது. வெட்கமெல்லாம் போயே போச்சு என்கிறாள் அம்மா. போகவில்லை. ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.

ரைட்டர் வெறுமையாக விட்ட அந்த வரிக்கான பதில் என்னிடம் இருக்கிறது. அவரிடம் சொல்லக் கூசியது. உங்களிடம் சொல்கிறேன். மாஸ்டருக்கு நான் பயப்படவில்லை. அவர் அடிப்பார் என்று நினைக்கவே இல்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டேன் நைனா. வேறு காரணம் ஒன்றும் இல்லை.