பந்தலில் அந்தத் தண்ணீரை ஊற்றாதே

மதிவதனி அப்பாவுக்கு,

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். நீ இல்லை. கிரிவலக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட மூங்கில் வாங்கப் போனாயாம். பெற்ற பெண் மூன்று நாளாய் வாந்தி பேதியில் கிடக்கிறாள், உனக்கு இந்தப் பௌர்ணமிக்கும் புண்ணியம் கேட்கிறதா?

நம் தெருக் குழாய்க்குக் கூலிக்குப் பள்ளம் தோண்டியவள் நான். அது சாக்கடையை ஒட்டித்தான் போகிறது, இந்த மழை வெள்ளத்தில் அழுக்கு உள்ளே போயிருக்கும் என்று சொன்னேன். "ரெண்டு குடம் புடிச்சி ஊத்திட்டா தெளிஞ்சிடும், ஜாஸ்தி பேசாத"ன்னு சொன்னது யாருய்யா? அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான் பிள்ளை குடித்தாள்.

நீ நிரப்பி வைத்த பந்தல் பானை நான்கையும் கவிழ்த்துவிட்டேன். மலை சுற்றிக் களைத்து வருகிறவன் நம்பி வாங்கிக் குடிப்பான், தன் பிள்ளைக்கும் கொடுப்பான். கோபம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்து.

சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன். கேன் தண்ணீரில்தான் வைத்தேன், பயப்படாமல் சாப்பிடு.

பாஞ்சாலை

ஒன்று விட்டுப்போச்சு. மதி தண்ணீரைப் பார்த்தாலே வாயை மூடிக்கொள்கிறாள். கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்து வா. அவள் எதிரில் முதல் டம்ளரை நீ குடி, பிறகு அவளுக்குக் கொடு.