பலகையின் பின்பக்கம்

8.2.2024, வியாழன்
காலையில் சுறாப்புட்டு செய்தேன். ஒருத்திக்கு மட்டும் அளந்து செய்ய இன்னும் வரவில்லை. மிஞ்சிவிட்டது.

புதுச்சேரியிலிருந்து வினோதா என்றொரு பெண் வந்தாள். பாரிஸில் கண்காட்சி வைக்கிறார்களாம். பழைய மரப்படகுகளின் பெயர்ப்பலகைகள், பன்னிரண்டு. ஃபைபர் படகு வந்தபின் பழைய சாமான் கடைக்குப் போனவற்றை யாரோ தேடிச் சேர்த்திருக்கிறார்கள். செல்போனில் காட்டினாள். பெயரைச் சுற்றி இறால், சங்கு, வாலைச் சுருட்டிய திருக்கை. எல்லாம் என் கை.

படத்தின் கீழே போட்டிருந்த குறிப்பைப் படித்தாள்: ஓவியர் சொக்கநாதன், காரைக்கால்மேடு.

"அவரோட மனைவியா நீங்க பாரிஸுக்கு வந்தா நல்லாருக்கும்மா."

"வரைஞ்சது நான்" என்றேன். சிரித்தாள். கேலி இல்லை. கிழவி ஏதோ சொல்கிறாள் என்ற சிரிப்பு.

9.2.2024
அவர் கெட்டவர் இல்லை. கடலில் இறங்காத புதுப் படகைப் பெண் தொடக்கூடாது என்று ஊரில் வழக்கம். நான் அடுப்படியில் வரைவேன். அவர் கொண்டுபோய் ஆணி அடிப்பார். யார் வரைந்தது என்று கேட்டால் "நான்தான்" என்பார். முதலில் எனக்காகத்தான் சொன்னார். பிறகு? அவருக்கே அது உண்மையாகிவிட்டது. சாகும்வரை என்னிடம்கூட "நான் போட்ட திருக்கை" என்றுதான் பேசினார்.

11.2.2024, ஞாயிறு
கொழுந்தன் அன்பழகன் வந்தான்.

"அண்ணி, செத்த மனுசன் பேரை ஏன் கெடுக்குறீங்க? பொம்பள கை பட்ட பலகை, அதான் அன்னைக்கு செல்லக்கண்ணு படகு கவுந்துச்சுன்னு ஊர்ல கெளப்பிடுவானுவ."

"மத்ததெல்லாம் முப்பது வருசம் கரை சேந்துச்சே தம்பி. அது யாரு கை?"

டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

20.2.2024
வினோதா போன் செய்தாள். சான்று வேண்டுமாம்.
அவரிடம் யார் சான்று கேட்டார்கள்?

3.3.2024, ஞாயிறு
வினோதா மறுபடி போன் செய்தாள். 'சொக்கநாதனும் மனைவியும்' என்று போடலாமாம். "ரெண்டு பேருக்கும் மரியாதைம்மா."

முடியாது என்றேன்.

அன்பழகன் வீட்டிலிருந்து மீன் வருவது நின்றுவிட்டது. எழுபத்திரண்டு வயதில் எதற்கடி உனக்கு இவ்வளவு பிடிவாதம்? கேட்க ஆளில்லை. நானே கேட்டுக்கொள்கிறேன்.

7.3.2024
இன்று நானே போன் செய்தேன். "பலகையைத் திருப்பிப் பாக்கச் சொல்லு" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு பலகையின் முதுகிலும் நீல வண்ணத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் நான். படகுப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தே எழுத்துக் கற்றேன். அந்த நாளில் எனக்கென்று எழுதிய சொல் அது ஒன்றுதான். அவர் அதைப் பார்த்தார். அந்தப் பக்கத்தைப் படகோடு சேர்த்து ஆணி அடித்தார்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். என் வாய்ச்சொல்லை நம்பட்டும் என்று இருந்தேன். நம்பவில்லை.

10.3.2024
வினோதா பேசினாள். பின்பக்கத்தை முன்பே பார்த்திருக்கிறார்களாம். படகின் பழைய பெயர் என்று நினைத்தார்களாம். பன்னிரண்டு படகுக்கும் ஒரே பழைய பெயரா!

29.4.2024, திங்கள்
மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். தபால்காரர் பாரிஸ் முத்திரை போட்ட உறையோடு வந்தார். மூலையெல்லாம் கசங்கியிருந்தது. மேலே என் பெயர் மட்டும். நாலு நாளாக ஊருக்குள் விசாரித்தாராம், மீன் ஏலம் போடும் இடத்தில், வலை பின்னும் இடத்தில். அப்படி யாரும் இல்லை என்று அன்பழகனும் சொல்லியிருக்கிறான். தெரியாமல் சொன்னானா, தெரிந்தேதானா?

"திருப்பி அனுப்ப இருந்தேம்மா. சொக்கநாதன் வூட்டம்மான்னு போட்டிருந்தா மொத நாளே வந்திருக்கும்ல?"

உள்ளே அழைப்பிதழ். பன்னிரண்டு பலகைகளின் படம். கீழே ஒரே ஒரு பெயர், தமிழிலும்.

மத்தியானம் பரணிலிருந்து நீல வண்ண டப்பாவை இறக்கினேன். மேலே வண்ணம் ஆடையாகப் படிந்திருந்தது. கிழித்து, டர்பன்டைன் விட்டுக் கலக்கினேன். வாசற்கதவில், தெருவைப் பார்த்த பக்கத்தில் எழுதினேன்: விசாலாட்சி. 'ட்' கோணிவிட்டது. இருக்கட்டும்.

காயும்வரை யாரும் வரவில்லை. காய்ந்த பிறகும் வரவில்லை.

கதவைத் திறந்துவைத்தால் பெயர் சுவர்ப் பக்கம் போய்விடுகிறது. மூடிவைத்திருக்கிறேன்.