வேலியோரத்தில் உளவியல் வகுப்பு

செப்டெம்பர் 3, புதன்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் கூட்டிய முற்றம் மத்தியானத்துக்குள் மறுபடி குப்பை. நான் படிப்பிக்கிற பாலர் பாடசாலையில் அந்தச் சின்னவன் இன்றும் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டான். தாய்மார் இருவரும் என்னோடுதான் சண்டை, நான் கடித்தது மாதிரி.

அவன் ஏன் கடிக்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த 'உளவியல் அறிமுகம்' படிக்கச் சேர்ந்தேன். கொழும்புக் கல்லூரி ஒன்று இணையத்தில் நடத்துகிறது. சேர்ந்து இது மூன்றாம் கிழமை. கடியைப் பற்றி இதுவரை ஒரு சொல் இல்லை. நாய்க்கு மணி அடித்தார்கள், நாய்க்கு எச்சில் ஊறியது. அதை விளங்கப்படுத்த ஒன்றரை மணித்தியாலம். எங்கள் மாமிக்குக் குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டாலே தேத்தண்ணீர் ஞாபகம் வரும். அதற்கு யாரும் படம் கீறி விளக்கவில்லை.

வீட்டுக்குள் இணைப்பு கிடையாது. வட்டம் சுற்றும், மிஸ்ஸின் வாய் திறந்தபடி நிற்கும். வீட்டின் பின்பக்கம், கோடியில், தகரவேலியோடு ஒட்டி இருந்தால்தான் போனில் ஓரளவு எடுக்கும். பிளாஸ்டிக் கதிரை, கொப்பி பறக்காமல் மேலே ஒரு கல். வேலிக்கு அந்தப் பக்கம் பூமணி அக்காவின் கோழிக்கூடு. இன்று வகுப்பு நடுவில் ஒரு கோழி முட்டை இட்டு, அதை முழு இலங்கைக்கும் அறிவித்தது.

மிஸ்: "எல்லோரும் மைக்கை நிறுத்துங்கள், ப்ளீஸ்."

எல்லோரும் என்றால் நான்.

பின்னேரம் மாமி யாரோடோ போனில்: "ஓம், மருமேள் ஏதோ விசர்ப் படிப்புப் படிக்கிறா." பத்துத் தரம் திருத்தியாயிற்று. பைத்தியம் இல்லை, உளவியல், மாமி. உ-ள-வி-யல். "அதுதானே பிள்ளை, நானும் சொல்லுறன்."

ஒப்படை தந்திருக்கிறார்கள். தெரிந்த ஒருவரைப் பேட்டி காணவேண்டும். மனநிலை பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. அடுத்த வெள்ளிக்குள். தெரிந்தவர்களுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன்.

செப். 4, வியாழன்

பஞ்சம்தான்.

இவர் கந்தோரால் வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது தொடங்கினேன். "அண்மையில் நீங்கள் மனச்சோர்வாக..."

"மூண்டு."

"கேள்வி முடியேல்லை."

"எல்லாத்துக்கும் மூண்டு போடும். நடுவிலை நிண்டா ஒரு பிரச்சினையும் வராது."

இருபத்தைந்து வருட அரசாங்க உத்தியோகம் மனிதனை என்ன செய்யும் என்று ஒப்படை எழுதலாம்.

மாமியைக் கேட்டேன். "எனக்கென்ன குறை, கர்த்தர் நல்லா வைச்சிருக்கிறார்" என்றார். பிறகு தன் தமக்கையின் கவலை, போதகர் ஐயாவின் மனைவியின் கவலை, இவருடைய மலச்சிக்கல், எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். தன்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

இவரின் தங்கை கிருபா. முப்பத்திமூன்று வயது, மானிப்பாயில் ஒரு லாப்பில் இரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று ஊரில் நல்ல பெயர். சப்பாத்துப் போட்டபடி, "எல்லாம் நல்லம் எண்டு எழுதுங்கோ அண்ணி, பஸ் வருது" என்று போய்விட்டாள்.

கிருபாவுக்கு அச்சுவேலியில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. மாப்பிள்ளை வங்கியில். எங்கள் சபைதான். படம் வந்தது, மீசை பரவாயில்லை. முன்னே வந்த பேச்சுகளெல்லாம் ஒவ்வொரு காரணத்துக்குக் குழம்பினவை. "உதுவும் தட்டிப்போனா..." என்று தொடங்கி மாமி முடிப்பதில்லை. இனி விசாரிப்பார்கள். வீட்டைத் தவிர எல்லா இடத்திலும் கேட்பார்கள்: சந்திக்கடை, சேர்ச், அயல். ஆகையால் எல்லோரும் ஒழுங்காக நடக்கும்படி இவர் உத்தரவு. நான் கோடியில் இருந்து படிப்பது ஒழுங்குதானா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஓம், படிப்புத்தானே" என்றார்.

செப். 6, சனி

இன்று ஒரு நல்ல நாள்! எழுதிவைக்க வேண்டும்.

செவிமடுத்தல் பயிற்சி. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். ஒருவர் மனக்கஷ்டம் உள்ளவராக நடிக்க, மற்றவர் குறுக்கிடாமல் கேட்கவேண்டும். எனக்கு வந்தது மட்டக்களப்பில் ஒரு தாதி. நான் நடித்தேன். சிறுவயதில் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகங்களில் எனக்கு எப்போதும் ஆட்டுக்குட்டி வேடம்தான் தந்தார்கள். இன்று வட்டியோடு தீர்த்துவிட்டேன். "நித்திரை இல்லை, ஒருத்தரும் என்னோடை கதைக்கிறேல்லை, எனக்கு ஏன் இந்தச் சீவியம், கிணத்தடிக்குத் தனியப் போகவே பயமாயிருக்கு!" காற்றுக்கு மேலாகக் கேட்கவேண்டுமே, உரத்துத்தான் சொன்னேன். கடைசியில் அழுகையும் வந்தது. அந்தத் தாதிப் பிள்ளையும் அழுதுவிட்டாள். மிஸ் எல்லோர் முன்னும் என் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இவரிடம் சொன்னேன். "நல்லம்" என்றார். மூன்று புள்ளிக்குரிய நல்லம்.

செப். 7, ஞாயிறு

சேர்ச்சில் என்னவோ நடக்கிறது. ஆராதனை முடிய இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், விடவில்லை. ஒருவர், "எல்லாம் மாறும் பிள்ளை." என்ன மாறும்? மற்றவர் என் கண்ணுக்குக் கீழே உற்றுப் பார்த்து, "நித்திரை வருதோ?" வருகிறது, நல்ல பிரசங்கத்திலும் வருகிறது என்றேன். சிரிக்கவில்லை.

வரும் வழியில் மருதனார்மடம் சந்தை. கத்தரிக்காய், பச்சைமிளகாய், ஒரு கட்டு கீரை. மரக்கறி விற்கிற அம்மா கேளாமலே கீரையில் இன்னொரு பிடி வைத்தார். "சாப்பிடுங்கோ பிள்ளை, உடம்பைப் பாருங்கோ." இன்று எல்லோருக்கும் என் மேல் என்ன இரக்கம்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. கீரையை வாங்கினேன்.

செப். 8, திங்கள்

விளங்கிவிட்டது.

கலியாணத் தரகர் காலையிலேயே இவருக்குப் போன் எடுத்திருக்கிறார். அச்சுவேலிக்காரர் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஆள் நேரே போனது பூமணி அக்கா வீட்டுக்கு. பெண் தங்கம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். குடும்பமும் நல்ல குடும்பம். "தமையன்ரை பெஞ்சாதிதான் பாவம், மனசு சரியில்லை. போனிலை வைத்தியம் நடக்குது. கிணத்தடிப் பக்கம் விடக்கூடாதாம்."

இவர் கந்தோருக்குப் போகாமல் கதிரையில் இருந்தார். மாமி அழுகை. "பரம்பரையிலை இருக்கோ எண்டு கேக்கினமாம்!" எந்தப் பரம்பரை? நான் இந்த வீட்டுக்கு வந்தவள். கிருபாவுக்கும் எனக்கும் இரத்தத்தில் ஒரு சொட்டுத் தொடர்பு இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் காதில் ஏறவில்லை.

"உந்தப் படிப்பை நிப்பாட்டும்" என்றார் இவர்.

"நடிச்சனான் எண்டு சனிக்கிழமையே சொன்னனானே!"

"நடிச்சதெண்டு ஆர் நம்புவினம்? கலியாணம் முடியட்டும், பிறகு நீர் என்னத்தையும் படியும்."

கிருபா வேலைக்குப் போகமுதல் தமையனோடு விறாந்தையில் நின்று ஏதோ மெல்லக் கதைத்தாள். இவர் சிரித்துத் தோளில் தட்டி அனுப்பினார். எனக்கு அந்தச் சிரிப்புக் கிடைக்கவில்லை.

நேரே பூமணி அக்காவிடம் போனேன். போகும்போது வாயில் இருந்ததெல்லாம் நல்ல வார்த்தை அல்ல.

"அக்கா, என்ன வேலை செய்தனீங்கள்?"

"நான் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. அவை கேட்டவை. நான் காதாலை கேட்டதைச் சொன்னன். மறைச்சுச் செய்தா நாளைக்கு ஆருக்குப் பாவம்?" பிறகு என் கன்னத்தைத் தடவி, "உமக்குச் சுகம் வரவேணுமெண்டு மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருக்கிறன்."

இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? பாடம் என்று விளங்கப்படுத்தினேன், கொப்பியைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "ஓம் பிள்ளை, ஓம். மெல்ல மெல்லச் சுகம் வரும்."

செப். 9, செவ்வாய்

தலையிடி. அச்சுவேலிக்காரர் நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம், வியாழக்கிழமை. பெண்ணை அல்ல. பெண் சரியாம். என்னை.

வீட்டில் ஒத்திகை. இவர்: "சிரியும். ஆனா கனக்கச் சிரிக்காதையும்." மாமி: "அந்தப் பச்சைச் சேலை வேண்டாம், முகம் வாடித் தெரியும்." இவர்: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும்." மாமி: "ஆனா பேசாமல் இருந்தா அதுவும் ஒரு மாதிரித் தெரியும்." சுகமான மனிதர் எப்படி நடப்பார் என்பதை இவ்வளவு நேரம் யோசித்தால் யாருக்கும் சுகம் கெடும்.

நாளை வகுப்பு. போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். (போவேன். காதுக்குள் வயரை மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல்.)

ஒப்படை ஒரு வரியும் எழுதவில்லை.

செப். 10, புதன்

போனேன். இன்றைய பாடம்: முதற் பதிவு. ஒருவரைப் பற்றி முதலில் கேள்விப்பட்டதை மனம் லேசில் மாற்றாதாம். நன்றி மிஸ், எனக்குத் தெரியும்.

செப். 11, வியாழன்

அரை நாள் லீவு. பலகாரம்: பயற்றம் பணியாரம், கேக், வாழைப்பழம். மண்ணிறச் சேலை.

மாப்பிள்ளையின் தாயும் சின்னம்மாவும் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. தாய் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் ஊற்றும்போது நடுங்குகிறதா என்று. பார்த்தால் நடுங்காமல் என்ன செய்யும்? தட்டில் கொஞ்சம் சிந்தியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சமையல் ஆர், நீங்களோ?"

"ஓம்."

"அடுப்படியிலை தனியத்தான் நிக்கிறனீங்களோ?"

அதோடு பொறுமை போய்விட்டது. இவர் கண்ணைக் காட்டக் காட்ட எல்லாவற்றையும் சொன்னேன். பாலர் பாடசாலை, கடிக்கிற பிள்ளை, வகுப்பு, நடிப்பு, காற்று, தகரவேலி. கொப்பியையும் கொண்டுவந்து மேசையில் போட்டேன்.

தாய் கொப்பியைப் புரட்டினார். "அப்ப உங்களுக்கு ஒண்டும் இல்லை?"

"இல்லை."

"ஒண்டும் இல்லாட்டில் பிறகேன் உதைப் படிக்கிறியள்?"

நான் வாய் திறக்கமுதல் அவர் சிரித்துவிட்டார். "என்ரை மேனும் சின்னனிலை கடிச்சவன். வேப்பெண்ணெய் பூசிவிட்டன், நிண்டுது." மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார். எல்லோரும் சிரித்தோம். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி ஸ்தோத்திரம் சொன்னார்.

எல்லாம் சரி என்று எழும்பும்போது மாப்பிள்ளையின் தாய் கிருபாவைப் பார்த்து, "கலியாணத்துக்குப் பிறகு உந்த இரத்தம் எடுக்கிற வேலை தேவையில்லைப் பிள்ளை. அவன்ரை உழைப்புக் காணும்" என்றார். கிருபா வெற்றுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். மாமி அவளுக்காக "ஓம் ஓம்" என்றார்.

இவர் இரவுச் சாப்பாட்டில் எனக்கு ஒரு மீன் கூடுதலாக வைத்தார். படிப்பைத் தொடரலாமாம். பெருந்தன்மை.

செப். 12, வெள்ளி

இன்று கடைசி நாள், பின்னேரம் ஒப்படை அனுப்பவேண்டும். பாடசாலை விட்டு வந்ததும் கோடியில் கதிரையைப் போட்டேன். இவருடைய மூன்றுகளையே எழுதி அனுப்பலாம் என்ற முடிவு. காற்று இன்று குறைவு.

கிருபா வந்தாள். வேலைச் சட்டை மாற்றவில்லை. கையில் இன்னொரு கதிரை.

"அண்ணி, உந்தக் கேள்வியளை என்னட்டைக் கேளுங்கோ."

சந்தோசம். எழுதத் தொடங்கினேன். நித்திரை: நாலு. பசி: நாலு. பிறகு இந்தக் கேள்வி வந்தது. உங்கள் வாழ்க்கை பற்றிய முடிவுகளை நீங்களே எடுப்பதாக உணர்கிறீர்களா?

"சைபர்."

"ஒண்டிலையிருந்துதான் இருக்கு."

"அப்ப ஒண்டு. கீழை கோடும் போடுங்கோ."

பேனையை வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவரை எனக்குத் தெரியாதே, என்னண்டு பிடிக்காமல் போகும்? எனக்கு என்ரை வேலை வேணும். அவை சந்திக்கடையிலை கேட்டவை, சேர்ச்சிலை கேட்டவை, உங்களை இருத்தி வைச்சுச் சோதிச்சவை. என்னட்டை ஆர் கேட்டது? நீங்கள் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை. அவளுக்குக் கலியாணம் ஆகவேண்டும் என்று என்னைச் சுகமானவளாகக் காட்ட இரண்டு நாள் பாடுபட்டேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அண்ணையிட்டைச் சொல்லுவம்" என்றேன்.

"சொன்னனான். அண்டைக்கு, தரகர் கதைச்ச நாள். எல்லாப் பொம்பிளையளும் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம் எண்டு சிரிச்சார். அம்மாட்டையும் சொன்னனான். ஜெபம் பண்ணச் சொன்னா."

எழும்பினாள். கதிரையைத் தூக்கி வேலியோடு முட்டப் போட்டு இருந்தாள். அந்தப் பக்கம் பூமணி அக்கா கோழிகளைக் கூப்பிடுகிற சத்தம்.

"கிருபா, மெல்ல. அங்காலை அக்கா நிக்கிறா."

"தெரியும்" என்றாள். பிறகு லாப்பில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலில்: "எழுதுங்கோ அண்ணி. எனக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை. என்னைக் கேக்காமல்தான் செய்யினம்."

கோழிகளைக் கூப்பிட்ட குரல் நின்றது.

இது நாளைக்கே அச்சுவேலிக்குப் போகும். பழி மறுபடி என் படிப்புக்குத்தான். இவர் போனைப் பறித்து அலுமாரியில் பூட்டுவார், மாமி என்னோடு எத்தனை மாதம் கதைக்கமாட்டாரோ. கிருபா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கேள்வியை நானும் உரத்தே வாசித்தேன்.